பதினாலாம் கயிறு

எனக்கு நீந்தத் தெரியாது.
அதனால் கொப்பி என்னிடம்.
கரையில், கண்ணா வேரில் குந்தியபடி
தண்ணீருக்குள் நிற்பவர்கள் கூவும் இலக்கங்களை
எழுதிக்கொள்கிறேன்.

பாசிக்குடா ஹோட்டல்களில் வெள்ளைக்காரர்
உறிஞ்சிப் போட்ட சிப்பி ஓடுகளை
சபூர்தீன் தன் ஓட்டோவில் மூட்டை மூட்டையாய் ஏற்றிவருவான்.
சிலதில் தேசிக்காய்த் துண்டு இன்னும் ஒட்டியிருக்கும்.
ஆறு மாதம் வெயிலில் காய வேண்டும்.
முதல் மாதமே அயல் வளவுக்காரர்
கிராம சேவகருக்கு எழுதிப் போட்டார்:
"மணம் தாங்க ஏலாது. இலையான்
எங்கட சோத்துக்கும் வருது."
உண்மைதான்.
மூட்டைகளை டெரன்ஸின் தச்சுப்பட்டறைக் கூரைக்கு மாற்றினோம்.
"என்ர பொஞ்சாதி மரத்தூளைப் பேசி முடிச்சிற்றா,
இனி இதைப் பேசட்டும்" என்றார் டெரன்ஸ்.

ஓட்டில் துளை. துளையில் கயிறு.
கயிற்றுக்கு நாற்பது ஓடு.
பாலமீன்மடுப் பக்கம், வெளிச்சவீடு தெரிகிற தண்ணீரில்
கம்பு நட்டு இருபது கயிறு.

சிப்பிக் குஞ்சு உப்புக்கல்லில் பாதிகூட இல்லை.
இரண்டு மூன்று கிழமை ஆற்றோடு அலையும்.
மறுகா ஓர் ஓட்டைத் தேடி,
தன் இனத்து ஓடாய் இருந்தால் நல்லம்,
உட்காரும்.
ஒரு தரம்தான். பிறகு எழும்பாது.
இதைக் கேட்ட தவேந்தினி
தான் எழும்பிப்போன ஊர்களை விரலில் எண்ணத் தொடங்கி
ஐந்தில் விட்டுவிட்டு
அடுத்த முடிச்சைப் போட்டாள்.

கார்த்திகையில் வானம் பொத்துக்கொண்டது.
உன்னிச்சைக் குளத்தின் வான்கதவு திறக்க
ஆறு இனித்துப் போனது.
சிப்பிக்கு இனிப்பு நஞ்சு. வாயை இறுக மூடிக்கொண்டு
எத்தனை நாள் மூச்சடக்கும்?
முகத்துவாரத்தை வெட்டச் சொல்லி
வவுணதீவு வயல்கள் கேட்டன.
எங்கள் கயிறுகளும் கேட்டன.
இறால் கேட்கவில்லை.
"இப்ப வெட்டினா என்ர இறால் முழுக்கக் கடலுக்குப் போயிரும்" என்று
கச்சேரி வாசலில் நனைந்துகொண்டு நின்றார் யோகநாயகம்.
எங்கள் கம்புகளைச் சும்மா தோணியில் ஏற்றித்தந்த
அதே யோகநாயகம்.
நான் அவர் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்
கழுத்தளவு நெல் மூழ்கிய விஜயரெத்தினத்தின் பெயருக்குக் கீழே
மனுவில் கையெழுத்து வைத்தேன்.

பத்தாம் நாள் பெக்கோ வந்தது.
மணல் கிழிய, மண்ணிற வெள்ளம்
வாழைத்தண்டும் செத்த ஆடும் யாரோ ஒருவரின் கதிரையுமாய்
கடலுக்குள் விழுந்தது.
அடுத்த கிழமை, ஆருக்கும் சொல்லாமல்,
கடல் உள்ளே வந்தது.
டெரன்ஸ் ஒரு கை அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தார்.
"காணாது" என்றார். பிறகு துப்பினார்.

சனிக்கிழமை எண்ணினோம்.
ஒன்று: வாய் பிளந்தது. இரண்டு: பிளந்தது.
ஆறாம் கயிறு இருந்த இடத்தில் கம்பு மட்டும்.
பதின்மூன்று வரை ஒரே சொல்லை
மேலிருந்து கீழே எழுதிக்கொண்டு போனேன்.
சபூர்தீனின் குரல் குறைந்துகொண்டே வந்தது.
பதினாலில் ஏதோ சொன்னான். காற்றில் கேட்கவில்லை.
"எத்தினை?"
பதில் இல்லை. விரலைத் தூக்கிக் காட்டினான்.
புதிதாய் வளர்ந்த விளிம்பு ஒன்று
நன்றாய் அறுத்திருந்தது.
இரத்தம் முழங்கை வரை.
அவன் சிரித்துக்கொண்டு நின்றான்.

பத்தொன்பது.
எழுதும்போது அந்தப் பக்கத்தால்
யோகநாயகத்தின் தோணி வந்தது.
எங்களைப் பார்க்கவில்லை. கையசைக்கவும் இல்லை.
கம்புகளை நெருங்கியதும் மோட்டரை நிறுத்தி
சவளால் மெல்ல வலித்தார்,
கயிறுகளுக்கு அலை படாமல்.

கடைசிக் கம்பும் தாண்டியபின்
மறுபடி மோட்டர்ச் சத்தம்.